காவிரித் தீவில் ஒரு பழைய தலைநகர்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் அவர்களை மைசூருக்கு அழைத்துச் செல்வது நம் சங்கக் குடும்பங்களின் வழக்கம். அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனத்தையும் காட்டி மகிழ்கிறோம். வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டியை நிறுத்தி, அரங்கநாதரைச் சேவித்து, அரை மணியில் புறப்பட்டுவிடுகிறோம். 1610 முதல் 1799 வரை மைசூர் நாட்டின் தலைநகராய் விளங்கிய ஊருக்கு அரை மணி போதுமா? தமிழ்நாட்டு வரலாற்றின் பல ஏடுகள் எழுதப்பட்ட இடம் இது என்பதை நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டாமா? ஒரு பகற்பொழுதை இவ்வூருக்கென ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்தே அமைந்த தீவு இது. கோட்டையின் மேற்புறத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். இவரை ஆதிரங்கர் என்றும், சிவசமுத்திரத்தில் இருப்பவரை மத்தியரங்கர் என்றும், நம் திருவரங்கத்துப் பெருமாளை அந்தியரங்கர் என்றும் அடியார்கள் போற்றுவர். ஒரே ஆறு மூன்று அரங்கங்களையும் இணைக்கின்றது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து இங்குக் குடியேறியவர்களுக்கு இதனினும் உவப்பான உறவு வேறென்ன வேண்டும்?

கோயிலுக்கு அருகிலேயே திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனை இருந்தது. இன்று அடித்தளச் சுவடுகளே எஞ்சியுள்ளன. அதன் மரங்கள் எங்கே என்று வினவுவோர் உதகமண்டலம் செல்லவேண்டும். 1829-இல் கட்டத் தொடங்கிய புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள் அவ்வரண்மனையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவையே.

கோட்டையின் வடபுறத்தே நீர்வாயில் உண்டு. 1799 மே 4 அன்று ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்து உட்புகுந்த நாளில், இதனருகே திப்புவின் உடல் கிடந்த இடத்தை ஒரு சிறு கல் காட்டுகின்றது. பேரரசைத் தாங்கி நின்ற நகரம் ஒரே பகலில் தலைநகர் என்னும் பெருமையை இழந்தது. நிலவறைச் சிறையையும், திப்பு கட்டிய ஜும்மா மசூதியின் உயர்ந்த இரு கோபுரங்களையும் கண்டபின், கிழக்கே தரியா தௌலத் தோட்டத்துக்குச் செல்வோமாக.

1784-இல் எழுந்த இந்தத் தேக்கு மாளிகையில்தான் நாம் நெடுநேரம் நிற்கவேண்டும். மேற்குச் சுவர் முழுதும் ஒரு போர்க்களம் தீட்டப்பெற்றுள்ளது. யானைமீது ஐதர் அலியும் திப்புவும் வருகின்றனர். நடுவே ஆங்கிலப்படை சதுரமாய் அணிவகுத்து நிற்கின்றது. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகின்றது. தளபதி பெய்லி பல்லக்கில் காணப்படுகின்றார். இக்களம் எது? காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்! 1780 செப்டம்பரில் அங்கு ஆங்கிலக் கும்பினியார் அடைந்த தோல்வி, இங்கே வெற்றிச் சித்திரமாய் விளங்குகின்றது. ஆனால் அதே ஆண்டில் ஐதரின் குதிரைப்படை கடந்து சென்ற வழியெல்லாம் தமிழ்நாட்டுக் குடியானவரின் வயலும் வீடும் எரிந்தன. வென்றவரின் சுவரில் அவர்களுக்கு இடமில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துக் களத்தில் மாண்ட வீரத்தையும், படையெடுப்பினால் எளியோர் பட்ட துயரையும் ஒருங்கே சொல்லிக் கொடுப்பதே நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மையாகும். ஒன்றை மட்டும் சொல்லுதல் பாதி வரலாறேயாம்.

1792-இல் இவ்வூரில் கையெழுத்தான உடன்படிக்கையால் மைசூர் தன் நாட்டில் பாதியை இழந்தது. அவ்வாறுதான் சேலத்தை உள்ளிட்ட பாராமகால் சீமையும் திண்டுக்கல்லும் கும்பினியார் கைக்கு மாறின. திப்புவின் இளம்புதல்வர் இருவர் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். சேலத்தாரும் திண்டுக்கல்லாரும் நம் சங்கத்தில் பலர். தங்கள் ஊரின் தலைவிதி இத்தீவில் எழுதப்பட்டதென அவர்கள் அறியட்டும்.

தீவின் கிழக்கே கும்பஸ் என்னும் கல்லறை மண்டபம் பளபளக்கும் கருங்கல் தூண்களோடு விளங்குகின்றது. 1782-இல் சித்தூர் அருகே பாசறையில் மறைந்த ஐதருக்காகத் திப்பு எழுப்பியது. தந்தை, தாய், மைந்தன் மூவரும் ஈண்டு அடங்கியுள்ளனர். திப்புவின் மனைவியர் மக்களோ வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று அங்கு மூண்ட சிப்பாய் எழுச்சிக்குப் பின் புதல்வர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். குடும்பத்துப் பெண்டிர் சிலரின் கல்லறைகள் இன்றும் வேலூரில் உள்ளன. சூறையாடிய பொருள்களில் பேர்பெற்ற மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றது. இவ்வூரின் எச்சங்கள் இங்ஙனம் எத்திசையும் சிதறிக்கிடக்கின்றன.

எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியும் நடந்துவருகின்றது. இருப்புப்பாதையை இரட்டிக்கும் பணிக்குக் குறுக்கே நின்ற திப்புவின் படைக்கலச் சாலையை, இடிக்காமல், 2017-இல் அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்தனர். இத்துணை அக்கறையோடு பிறர் காக்கும் செல்வத்தில், சுவரில் பெயர் கீறி நாம் குறை செய்யலாகாது. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம்.

மாலையில் லோகபாவனி காவிரியோடு கூடும் சங்கமத்தில் சற்று அமர்ந்திருங்கள். அடுத்தமுறை செல்லும்போது அண்டை வீட்டுக் கன்னட அன்பர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பாட்டி சொன்ன கதையை அவர்களும், நம் பாட்டி சொன்ன கதையை நாமும் அங்கே சொல்லிக் கேட்போமாக. வாழவந்த நாட்டை அறிந்து அன்பு செய்தற்கு இதனினும் நல்ல வழி இல்லை.