தலைகீழாகவும் நேராகப் பறக்கணும்! முதல் போட்டி விமானம் எது?



போன வாரம் அறிவியல் பாடவேளையில் நான் விட்ட காகித விமானம் நேராக டீச்சர் மேசையில் போய் விழுந்தது. திட்டு விழும் என்று நினைத்தேன். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது? விமானத்தைப் பற்றிச் சுவரிதழுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வா. அதுதான் உனக்குத் தண்டனை" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்கள் பெரியம்மா மகன் அண்ணன் ரிமோட் விமானம் விடுகிறவர். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறார். அவர் ஒரு தப்பு செய்து, பணத்தையும் இழந்து கற்றுக்கொண்ட விஷயத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

அது என்ன போட்டி?

ரிமோட் விமானப் போட்டி என்றதும் யார் முதலில் வருவது என்று நினைக்காதீர்கள். இது வேகப் போட்டி இல்லை. வானத்தில் கோலம் போடுகிற போட்டி. விமானத்தை வைத்து வட்டம் போடணும், எட்டு போடணும், நேர்க்கோட்டில் போய்க்கொண்டே உருளணும், செங்குத்தாக ஏறணும், தலைகீழாகப் போகணும். கோலத்தில் ஒரு இழை கோணலாகப் போனால் பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவார் இல்லையா? அதுபோல நடுவர்கள் கண்டுபிடித்து மார்க்கைக் குறைப்பார்கள்.

ஒவ்வொரு வித்தைக்கும் 10 மார்க். போக வேண்டிய கோணத்தில் இருந்து 15 டிகிரி விலகினால் 1 மார்க் போச்சு. கஷ்டமான வித்தைக்கு மதிப்பெண் அதிகம். வாங்கிய மார்க்கை அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள்.

இது எல்லாமே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் நடக்கணும். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் 60 டிகிரி மூலைமட்டம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே இருந்து இடப்பக்கம் 60 டிகிரி, வலப்பக்கம் 60 டிகிரி, மேலே 60 டிகிரி. அதுதான் எல்லை. விமானம் சுமார் 150 மீட்டர் தள்ளிப் பறக்கும். நம்ம விளையாட்டு விழா 100 மீட்டர் ஓட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம்!

இதற்கு உலகப் போட்டியே இருக்கிறது. 1905-ல் தொடங்கிய எஃப்.ஏ.ஐ. என்ற உலக வான் விளையாட்டு அமைப்புதான் விதிகளை வகுக்கிறது. இந்தப் பிரிவுக்கு எஃப்3ஏ என்று பெயர். நம் நாட்டில் என்.சி.சி. மாணவர்களுக்கு நடக்கும் அகில இந்திய வாயு சைனிக் முகாமிலும் மாதிரி விமானம் பறக்கவிடும் போட்டி உண்டு.

அண்ணன் செய்த தப்பு

அண்ணன் ஒரு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிப் பணம் சேர்த்தார். டவுனில் ஒரு கடைக்குப் போனார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு போர் விமானம். பார்த்ததும் மயங்கிவிட்டார். கடைக்காரரும், "தம்பி, போட்டிக்கு இதுதான் சரி" என்று சொன்னாராம்.

எங்கள் ஊர் ஏரி காய்ந்திருந்தபோது அதைப் பறக்கவிட்டோம். முதல் தடவை எப்படியோ இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை கொஞ்ச தூரம் போனதும் மேகத்தோடு மேகமாகக் கலந்துவிட்டது. எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்றே தெரியவில்லை. அண்ணன் மேலே ஏற்றுவதாக நினைத்துக் கீழே இறக்கிவிட்டார். மூக்கு மண்ணில் குத்தி மூன்று துண்டு. பெரியம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அண்ணனுக்கு அதிக வருத்தம். அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

அப்புறம்தான், "வாங்கும் முன்னாடி படிச்சிருக்கணும்" என்று சொல்லி எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தார். நானும் கூடவே படித்தேன்.

பழகுகிற விமானமே போதாதா?

முதல்முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ள 'டிரெய்னர்' என்ற பயிற்சி விமானம் வேணும். அதில் சந்தேகமே இல்லை. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கி V மாதிரி தூக்கி இருக்கும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு. நாம் கையை விட்டாலும் சாய்ந்த விமானம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

ஆனால் போட்டியில் அந்த நல்ல குணமே எதிரியாகிவிடும். தலைகீழாகப் போ என்றால் அது "மாட்டேன், நான் நிமிர்வேன்" என்று அடம்பிடிக்கும். தட்டையான அடிப்பக்கம் மேலே வந்துவிடுவதால் தூக்கும் விசையும் குறைந்து கீழே இறங்கப் பார்க்கும். நேர்க்கோடு எங்கே வரும்?

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு காகித விமானம் செய்து இறக்கைகளை V மாதிரி மேலே தூக்கி விடுங்கள். அதைத் தலைகீழாகப் பிடித்து, திண்ணை மேல் நின்று மெதுவாக விடுங்கள். பெரும்பாலும் பாதி வழியிலேயே திரும்பி நிமிர்ந்துகொள்ளும். இதுதான் டிரெய்னரின் குணம்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

உதவியும் செய்யாத, உபத்திரவமும் செய்யாத விமானம்தான் வேணும் என்கிறார் அண்ணன். வைத்த இடத்தில் நிற்கணும். கவனிக்க வேண்டியவை:

1. இறக்கையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே அளவு வளைவாக இருக்கணும். அப்போதுதான் நேராகவும் தலைகீழாகவும் ஒரே மாதிரி பறக்கும்.

2. இறக்கை உடலின் நடுவில் அல்லது கொஞ்சம் கீழே இருக்கணும். V மாதிரி தூக்கல் மிகக் குறைவாக இருக்கணும். இறக்கையும் வால் இறக்கையும் கிட்டத்தட்ட இணையாக இருக்கணும்.

3. உடல் நீளமாக இருக்கணும். வால் தூரமாக இருந்தால் விமானம் நிதானமாகத் திரும்பும். உடல் உயரமாகவும் இருந்தால், ஒரு பக்கமாகப் படுத்துப் பறக்கும்போது அந்த உடலே கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்.

4. மோட்டாருக்குச் செங்குத்தாக ஏறும் பலம் வேணும். பாதியில் மூச்சு வாங்கினால் கோடு வளைந்துவிடும்.

5. மேல்பக்கம் ஒரு நிறம், கீழ்ப்பக்கம் வேறு நிறம். தூரத்தில் தெரியணும். அண்ணனுக்கு இது தெரியாமல்தான் விமானம் போச்சு!

6. ரொம்பச் சின்னதாக இருக்கக்கூடாது. சின்ன விமானத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், கண்ணுக்கும் தெரியாது.

7. முக்கியமாக, உடைந்தால் ஒட்ட முடியணும். உதிரிபாகம் கிடைக்கணும்.

சாம்பியன் விமானத்தையே வாங்கினால்?

இதை நானும் கேட்டேன். உலகப் போட்டி விமானத்தின் நீளமும் இறக்கை அகலமும் 2 மீட்டருக்கு மிகாமல் இருக்கணும். எடை 5 கிலோ அளவில் இருக்கும். மின்மோட்டார் என்றால் 10 செல் பேட்டரி, 37 வோல்ட். விலையோ நமக்கு எட்டாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, அவ்வளவு விலையுள்ளதைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்துதான் பழகுவோம். பயந்தால் பழக முடியாது. விரலுக்கேத்த வீக்கம் வேணும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அமெரிக்காவில் இந்தப் போட்டியையே படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, மாஸ்டர்ஸ், அதற்கு மேல் உலக நிலை. நாம் ஒவ்வொரு வகுப்பாகப் பாஸ் ஆகிற மாதிரிதான். முதல் படியில் எளிய வித்தைகள்தான். அதற்கு ஃபோமில் செய்த நடுத்தர விமானமே போதும். மிச்சப் பணத்தை நல்ல ரிமோட்டில் போடணும். விமானம் உடைந்தாலும் ரிமோட் நம் கையில்தானே இருக்கும்? அடுத்த விமானத்துக்கும் அதுவே ஆகும்.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
முதல் உலகப் போட்டி 1960-ல் சுவிட்சர்லாந்து நாட்டில் டூபென்டார்ஃப் என்ற ஊரில் நடந்தது. அமெரிக்காவின் எட் காஸ்மிர்ஸ்கி வென்றார். 1967-ல் கார்சிகா தீவில் நடந்த போட்டியில் வென்ற ஃபில் கிராஃப்ட், தானே வடிவமைத்த 'குவிக் ஃப்ளை' என்ற விமானத்தை ஓட்டினார்!

வாங்கிய பிறகு

முதலில் எடைச் சமநிலை பார்க்கணும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால், குறித்துக் கொடுத்த இடத்தில் சமமாக நிற்கணும். வால் பக்கம் கனமாக இருந்தால் யாராலும் அடக்க முடியாது. கம்ப்யூட்டரில் பழகுகிற விளையாட்டு இருக்கிறது, அதில் எத்தனை தடவை உடைத்தாலும் செலவில்லை. பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. உப்பிய பேட்டரியைத் தொடவே கூடாது. ஒரு சொட்டில் ஒட்டும் பசையைத் தெர்மாகோலில் விட்டால் அது கரைந்து ஓட்டையாகிவிடும் (நான் செய்து பார்த்துவிட்டேன்!). கூட்டம், மின்கம்பி, விமான நிலையம் இருக்கும் பக்கம் பறக்கவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்கணும்.

இன்னொரு விஷயம். போட்டியில் விமானம் ஓட்டுகிறவர் கண்ணை எடுக்கக்கூடாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று அடுத்த வித்தையின் பெயரைச் சொல்லுவார். அண்ணன் இப்போது மறுபடியும் பணம் சேர்க்கிறார். மேலே மஞ்சள், கீழே கறுப்புக் கோடு போட்ட விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அதுவரை கம்ப்யூட்டரில் பழகுகிறார். பின்னால் நின்று பட்டியலைப் படிக்கிறது நான்தான்! "இதை நீ மனப்பாடம் பண்ணிட்ட. அடுத்து ரிமோட் உன் கையில்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

டீச்சர், உங்கள் கேள்விக்குப் பதில்: என் காகித விமானத்தில் ஒரு இறக்கையின் பின்ஓரம் கொஞ்சம் மடங்கி இருந்தது. அதனால்தான் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டேன். இப்போது நேராகப் போகிறது. ஆனால் பாடவேளையில் விட மாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி