முதல் மோட்டார் சைக்கிள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் சுண்டலும் காபியும் அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "ஸார், பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வேண்டுமென்கிறான். நீங்கள் பார்சல் ஆபீஸில் தினமும் வண்டிகளோடு புழங்குகிறவர். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். நாம் ரயில்வே குமாஸ்தாவேயன்றி மெக்கானிக் அல்லோம். ஆயினும் இவ்விஷயத்தில் நம் இடது காலுக்கு ஓர் அனுபவம் உண்டு.

2013-ஆம் ஆண்டு, நாக்பூரில் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், பழைய 350 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினோம். அதுவரை நாம் ஓட்டியறிந்தது சைக்கிள் ஒன்றே. வண்டியின் சப்தமும் கம்பீரமும் நம் கண்ணை மறைத்தன. ஆடி மாதத்து மழை ஓய்ந்த ஒரு மாலையில் லெவல் கிராசிங் ஒன்றைக் கடந்தோம். அங்கே சாலை தண்டவாளத்தைச் சாய்வாக வெட்டிச் சென்றது. ஈர இரும்பின்மீது சக்கரம் ஏறிய கணத்தில் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தோம். அடுத்த கணம் வண்டி நம் இடது காலின்மேல் கிடந்தது. அதை அசைக்கவும் நம்மால் இயலவில்லை. கேட் கீப்பரும் ஒரு லாரி கிளீனரும் ஓடிவந்து தூக்கினார்கள். கேட் திறந்திருந்தது, ரயில் வர நேரமிருந்தது. இல்லாவிடில் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம்.

நாற்பத்து மூன்று நாள் கட்டிலில் கிடந்தோம். ஊரில் தாயாருக்குத் தெரிவிக்கவில்லை. அயலூரில் தனியே இருப்பவனுக்குக் கால் ஒடிந்தால் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார் தினமும் கொடுத்தனுப்பிய பாக்ரியும் பருப்புமே நம்மைக் காத்தன. தண்டவாளத்தைக் கூடியவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், அதன்மேல் பிரேக்கும் பிடிக்கலாகாது, வளையவும் கூடாது என்பது பிறகு கற்ற பாடம். அதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. நம்மால் தூக்கி நிறுத்த முடியாத வண்டியை நாம் வாங்கியிருக்கவே கூடாது.

இவ்வாண்டு அதே கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வந்தது. அக்காளின் ஒரே மகன், பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்து இங்கே பயிற்சிக்கு வந்து நம்முடன் தங்கியிருக்கிறான். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஊரிலிருக்கும் அக்காள் அவனை நம்மை நம்பி அனுப்பியிருக்கிறாள். அவனோ, "மாமா, வாங்கினால் 350-தான்" என்றான். நாம் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்துச் சென்று, அவன் விரும்பிய வண்டியில் ஏறி உட்காரச் செய்தோம். பிறகு இறங்கி, இஞ்சினை ஓட்டாமல், கடை வாசலில் அதைப் பின்னோக்கித் தள்ளித் திருப்பி நிறுத்தச் சொன்னோம். வாசல் சற்றே சரிவு. இரண்டாம் முறையிலேயே சட்டை நனைந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ; ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. அந்த வித்தியாசத்தை நாம் வாயால் சொல்லியிருந்தால் அவன் ஏற்றிருக்க மாட்டான். கைகள் சொன்னபோது ஏற்றான்.

ஆசனத்தின் உயரமும் அவ்வாறே. கிளாசிக்கில் அது 805 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டரில் 785. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஆசனத்தின் அகலமும் காலை விலக்குவதால், குட்டையானவர் நுனிக்காலில் நிற்க நேருகிறது. சிக்னலில் கல்லோ சேறோ காலடியில் அகப்பட்டால் போதும், வண்டி சாய்ந்துவிடும். புதிதாகப் பழகுபவர் விழுவது பெரும்பாலும் வேகத்தினாலன்று; நிற்கும்போதும் திரும்பும்போதுமே.

அடுத்தது பிரேக். இதை அன்பர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஏனெனில் பிடித்தவுடன் பாரமெல்லாம் முன்சக்கரத்தின்மேல் வந்து இறங்குகிறது. ஆனால் பதற்றத்தில் அதை இறுக்கினால் சக்கரம் சுழல்வது நின்று வழுக்கிவிடும். ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, பிரேக்கை நொடிக்குப் பல முறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. 125 சி.சி.-க்கு மேற்பட்ட வண்டிகளில் புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், மற்ற யாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதலும் இது கட்டாயமாயிற்று. 125 சி.சி. வரையுள்ளவற்றில் சி.பி.எஸ். இருந்தாலும் போதுமென்றது விதி. அதில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். அது உபகாரமே, எனினும் ஈரச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் அது எந்த வருஷத்தியது என்று பார்க்கட்டும். 2017-ஆம் ஆண்டு 150 சி.சி. வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதில் ஏ.பி.எஸ். உண்டா என்பதே முதல் கேள்வி.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். வண்டி விலையில் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணத்தை அலங்கார விளக்குகளில் போடாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். இரண்டாவது, பின்னால் அமர்பவருக்கு.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஊரில் சித்தப்பா வண்டி தருகிறார், பார்சலில் வரவழைக்கலாமா என்று பலர் நம் ஜன்னலுக்கு வந்து கேட்கிறார்கள். தாராளமாக வரவழைக்கலாம். டாங்கியிலுள்ள பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிட வேண்டும்; ஆர்.சி. நகல் வேண்டும். ஆனால் வந்த வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் தங்குமாயின், பழைய ஊர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, இங்கே புது நம்பர் வாங்கி, இம்மாநிலத்து வரியும் செலுத்த வேண்டும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் சித்தப்பாவின் இலவச வண்டி அவ்வளவு இலவசமாக இராது. அது எண்பது கிலோ மனிதருக்கு ஏற்ற வண்டியாக இருந்தால், பையனுக்கு ஏற்றதாகவும் இராது.

மருமகன் கடைசியில் ஏ.பி.எஸ். உள்ள 125 சி.சி. வண்டி ஒன்றை எடுத்தான். தினமும் காலை ஐந்தரை மணிக்குக் காலனி மைதானத்தில் எட்டுப்போட்டுப் பழகுகிறான். நாம் தேநீர் டம்ளருடன் ஓரமாக நிற்கிறோம். அக்காளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது வண்டியின் பேரையும் விலையையும் அவள் கேட்கவில்லை, "அவனுக்குக் கால் தரையில் எட்டுகிறதா?" என்றுதான் கேட்டாள். நம் கட்டு அவிழ்ந்த பிறகு வந்து பார்த்தவள் அவள். எட்டுகிறது என்றோம்.

நம் மகளுக்கோ பின்னால் ஏறிக்கொள்ள வேண்டுமென்று அடம். பழகுநர் உரிமம் வைத்திருப்பவன், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றலாகாது. தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதுவரை அவள் பள்ளிக்கு நம் சைக்கிளில்தான் வந்துகொண்டிருப்பாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.