மண்ணுக்குள் ஒரு சரிவு

கல்வராயன் மலையில் விழும் அருவியை எவரும் தள்ளிவிடுவதில்லை. சரிவே அதனை இட்டுச் செல்கிறது. அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கச்சிராயப்பாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சிச் சமவெளிக்குப் பாய்வதும் சரிவினால்தான். நகரத் தெருக்களுக்கு அடியில் கழிவுநீரை நடத்துவதும் இவ்விதியே. ஆனால், சமவெளி நகரில் மலை இல்லை. எனவே, மண்ணுக்குள்ளேயே ஒரு சரிவை உண்டாக்க வேண்டியுள்ளது. இத்தகைய நிலத்தடி வழியைப் பழந்தமிழ் 'சுருங்கை' என்றது. மணிமேகலையில் இச்சொல் உண்டு.

கடலோரச் சமவெளியான சென்னையில், கழிவுநீர்க் குழாய் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்லும். ஆழம் மிகுந்ததும் உந்து நிலையம் நீரை மேலேற்றும். மீண்டும் சரிவு தொடங்கும். 1910இல் இவ்வமைப்பை வடிவமைத்தோர், 1961இல் நகரில் 6.6 லட்சம் மக்கள் வாழ்வர் என மதிப்பிட்டனர். அவ்வாண்டுக் கணக்கெடுப்பிலோ மக்கள்தொகை 17 லட்சத்தைக் கடந்திருந்தது. அரைநூற்றாண்டுக்கு முன்னரே எண்ணிப் பார்த்தவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எனினும், 2019இல் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி போன்ற வளரும் ஊர்கள் இக்கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

குழாய்க்கும் முதுமை உண்டு. கழிவு அழுகுவதால் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, குழாயின் மேற்புற ஈரத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் கற்காரையைக் கரைக்கிறது. ஒருநாள் சாலை உள்வாங்குகிறது. குடிநீர்க் குழாயில் நேர்வது இதனினும் கொடியது. நீர் வரும்போது அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியே கசியும். வழங்கல் நின்றதும் அழுத்தம் குறையும். அருகில் தேங்கிய கழிவுநீர் அதே விரிசல் வழியே உள்ளே புகும். மறுநாள் குடத்தில் முதலில் விழுவது அந்நீரே. வாந்திபேதியும் மஞ்சட்காமாலையும் ஒரே தெருவில் பலருக்கு ஒருசேர வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதனாலேயே பழைய வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு மாற்றாக, எளிதில் முறியாத டக்டைல் இரும்புக் குழாய்கள் படிப்படியாகப் பதிக்கப்படுகின்றன. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்கு மேலாகவும் விலகியும் அமைதல் வேண்டும். இத்தனை கிலோமீட்டர் பதித்தாயிற்று என்பதையே முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். அது பாதிக் கணக்குதான். புதிய குழாயில் நீரை அழுத்தி நிரப்பிக் கசிவைச் சோதிக்க வேண்டும். வீட்டிணைப்புகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். பழைய குழாயை அடைத்துவிட வேண்டும். ஓர் இணைப்பு விடுபட்டாலும் பழைய குழாயில் நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக நிரப்பி இறுக்காமல் சாலை போட்டால், அடுத்த மழையில் அது அமிழ்ந்துவிடும்.

சிதைந்த கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்கக் குழிக்குள் இறங்கியோர் பலர் நச்சுவாயுவால் உயிரிழந்துள்ளனர். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2023இல் உச்சநீதிமன்றம், இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. நீரைப் பீய்ச்சியும் உறிஞ்சியும் அடைப்பை நீக்கும் ஊர்திகள் இப்போது வந்துள்ளன. ஆனால், உடைந்து சரிந்த குழாயில் அவ்வூர்தியின் நீர்க்குழல் நுழைவதில்லை. அங்கே குழாயை மாற்றத்தான் வேண்டும்.