பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வீடு!

வீரபாண்டி பக்கம் ஷிஃப்ட் விடுற நேரத்துல டீக்கடை வாசலைக் கவனிச்சிருக்கீங்களா? மூணு நாய் பொறைக்காக வாலாட்டிக்கிட்டு வரும். நாலாவது மட்டும் டெம்போவுக்கு அடியில, வாலைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு உங்க கையையே பார்த்துட்டிருக்கும். 'பாவம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா'ன்னு தோணுதா? நல்ல மனசுதான். ஆனா அது மட்டும் போதாது பாஸ்!

ஏன் இந்தப் பயம்?

'யாரோ அடிச்சிருப்பாங்க'ன்னு சட்டுனு நினைப்போம். எப்பவும் அப்படி இல்லை. பிறந்த 3-வது வாரத்துலேர்ந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரைக்கும்தான் 'மனுஷங்க ஆபத்தில்லை'ங்கறதைக் குட்டி சுலபமாக் கத்துக்கும். அப்போ மனுஷங்க பழக்கமே இல்லாம வளர்ந்த நாய், ஒரு அடிகூட வாங்காமலே மிரளலாம்.

மாத்த முடியுமா? முடியும். அமெரிக்காவுல ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு, மனுஷங்களைப் பார்த்தாலே உறைஞ்சு போற நாய்களுக்குன்னே 2013-ல ஒரு மறுவாழ்வுத் திட்டம் தொடங்குச்சு. அதுல இருந்த 441 நாய்களைப் பத்தின ஆய்வு 2022-ல வந்தது. 86 சதவீதம் தேறிடுச்சு! தைரியமான நாய்களைப் பக்கத்துல விட்டு, அதுகளைப் பார்த்துக் கத்துக்க வெச்சதும் அங்கே ஒரு வழி.

கொஞ்சாதீங்க!

ஆமாங்க, முதல் சில நாள் கொஞ்சவே கூடாது. அமைதியான மூலையில ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள பனியன் துணி. நம்மூர்ல அதுக்கா பஞ்சம்? எலாஸ்டிக், நூல் பிசிறு இல்லாததா எடுங்க. முழுங்கிட்டா குடல்ல சிக்கிக்கும்.

நேரா கண்ணைப் பார்க்காதீங்க. பக்கவாட்டுல திரும்பித் தரையில உட்கார்ந்து, வேகவெச்ச கோழித் துண்டைத் தூரமாப் போடுங்க. நீங்க பாட்டுக்குப் புத்தகம் படிங்க. எப்போ கிட்ட வரணும்னு முடிவு பண்ண வேண்டியது அது, நீங்க இல்லை.

உதட்டை நக்குறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுறது, முகத்தைத் திருப்புறது... எல்லாம் 'தள்ளி நில்லு'ங்கற பேச்சு. உறுமினா அதட்டாதீங்க. அடக்கி வெச்சா, அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

ஜெனரேட்டர், தறிச் சத்தத்துக்குப் பயமா? பயப்படாத தூரத்துல நின்னுக்கிட்டு, சத்தம் கேட்டதும் தீனி. நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்ட.

வெளியே போறப்ப கழுத்துப்பட்டையோட மார்புல மாட்டுற வாரும் வேணும். மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கிட்டு ஓடிடும். தீபாவளி வெடி நேரத்துல கதவைச் சாத்தி, கூடவே இருங்க.

விளையாட்டில்லை!

கூட்டிட்டு வந்ததும் கால்நடை மருத்துவர்கிட்ட காட்டி ரேபிஸ் தடுப்பூசி போடுங்க. கருத்தடையும் அவசியம். கடிச்சுட்டா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம். ரேபிஸ் முத்திட்டா பிழைக்க வைக்கறது ஏறக்குறைய முடியாத காரியம்.

தெருநாய்னாலே கோபப்படுறவங்ககிட்டயும் நியாயம் இருக்கு. நம்ம மாவட்டத்துல காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடுகளை நாய்கள் கடிச்சுக் கொன்னதும், விவசாயிங்க போராடினதும் தெரியும்தானே? இன்னொரு பக்கம், கல்லூரி, மருத்துவமனை வளாகங்கள்ல இருக்கற நாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அந்தக் காப்பகத்துல வாலாட்டுற நாயை யாராவது எடுத்துட்டுப் போவாங்க. மூலையில ஒடுங்கினதை யார் எடுப்பா?

எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு. உங்க டிகிரி 3 வருஷம். நாய் பத்து வருஷத்துக்கு மேல வாழும். வேலை கிடைச்சு நீங்க பெங்களூரு போயிட்டா யார் பார்த்துக்குவா? அம்மா சம்மதமா? வீட்டு ஓனர் என்ன சொல்வார்? நம்ப ஆரம்பிச்ச நாயைத் திரும்பத் தெருவுல விடுறது, கூட்டிட்டு வராம இருந்ததைவிடக் கொடுமை. பதில் இல்லைன்னா பரவாயில்லை. நாலு பேர் காசு சேர்த்து அதுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஏற்பாடு பண்ணுங்க. அதுவும் பெரிய உதவிதான்.

பதில் இருக்கா? அப்போ தரையில உட்காரப் பழகுங்க. வாரமோ மாசமோ கழிச்சு ஒரு நாள், ஈர மூக்கு ஒண்ணு தானா வந்து உங்க முழங்கையைத் தொடும். அப்பவும் அசையாதீங்க!