பழைய தகரங்களில் சுவர்த் தொட்டிகள்

எண்ணெய் தீர்ந்த தகரங்களும் உடைந்த பிளாஸ்டிக் குடங்களும் வீட்டின் பின்புறத்தில் கிடந்து மழைநீரை ஏந்தி நிற்பது கிராமங்களில் பெரும்பாலும் காணப்படுவதாகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீர்த்தேக்கங்களையே நாடி முட்டையிடுகின்றது. வெப்பகாலத்தில் ஏறக்குறைய 10 நாட்களில் அவை கொசுக்களாகிப் பறந்துவிடும். அப்பாத்திரங்களையே துவாரமிட்டு, மண் நிரப்பிச் சுவரில் மாட்டிவைப்பின் வீட்டு முகப்பும் அழகு பெறும்; நீர் தேங்கவும் இடமிராது.

இதற்கு 15 கிலோ எண்ணெய்த் தகரம் மிகவும் ஏற்றது. அதனை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால் இரு தொட்டிகள் கிடைக்கும். வெட்டிய விளிம்பைச் சுத்தியால் மடித்துத் தட்டிவிடுதல் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதுவே முதற்காரியம். அடியில் ஆறு துவாரங்கள் போதும். ஆணியை உட்புறமிருந்து வெளிநோக்கி அறைதல் வேண்டும். பலர் மாறாகச் செய்கின்றனர். அப்பொழுது துவாரத்தின் விளிம்பு உள்ளே எழும்பி நீரைத் தடுக்க, வேர் அழுகுகின்றது. துவாரத்தின்மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்தால் போதுமானது. ஜல்லி பரப்புவது வழக்கமாயினும், ஆழமற்ற தொட்டியில் அதனால் ஈரம் வேருக்கருகே உயர்ந்து நிற்குமேயன்றி விரைவில் வடியாது.

செம்மண், மக்கிய தொழுவுரம், மக்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். நீர் ஊற்றிய பின் தொட்டி ஒன்று 10 கிலோ வரை கனக்குமாதலின், செங்கற்சுவரில் அறைந்த இரும்புக் கொக்கிகளிலேயே மாட்டுதல் வேண்டும், மண்சுவர் தாங்காது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே ஓரங்குல மரச்சட்டம் வைத்தால் சுவர் நனையாது.

மேற்குச் சுவரில் தகரம் சூடேறி வேரை வாட்டும். வெளிப்புறம் சுண்ணாம்பு பூசினால் சூடு குறையும்; அதன்மேல் காவிப் பட்டையிட்டால் பார்வைக்கும் நன்று. அங்கே பத்துமணிப்பூவும், நிழலான வடக்குச் சுவரில் பணச்செடியும் பெரணியும் செழிக்கும். அடுக்களைப் பக்கம் புதினா வைத்தால் குடும்பத்தார் கவனிப்பு தானே கிட்டும்.

பூச்சிமருந்து வந்த டப்பாக்களை மட்டும் எக்காரணத்தாலும் இதற்குக் கொள்ளலாகாது. எத்தனை முறை கழுவினும் நஞ்சு பிளாஸ்டிக்கில் ஊறி நிற்கும். அதில் வளரும் புதினாவையே பிள்ளைகள் உண்பர். அவற்றை உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்கும்படி 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறின. களத்துமேட்டில் அவை சிதறிக் கிடப்பதைக் காணும் கிராம அலுவலர்கள் உரியவரை அழைத்துச் சொல்லுதல் நலம். மருந்து தீர்ந்தவுடன் டப்பாவை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, வேறெவரும் தண்ணீர் மொள்ள எடுக்காதபடி அப்பொழுதே அடியைக் குத்திவிடுதல் வேண்டும்.