அடுப்படி இல்லாத கப்பல்

மிஷேல் ஃபூக்கோ 1967இல் பாரிஸில் கட்டடக் கலைஞர்கள் முன் நிகழ்த்தி, 1984இல் அச்சுக்கு வந்த உரையொன்றில், 'வேற்றிடம்' என்ற கருத்தாக்கத்திற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கப்பலைச் சொல்கிறார். வழக்கமான இடங்களின் ஒழுங்குக்கு வெளியே நின்றுகொண்டு அந்த ஒழுங்கையே கேள்விக்குள்ளாக்கும் இடம் அது என்பது வாதம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பலில் அடுப்படி எங்கே, சோறாக்குகிறவன் யார் என்ற கேள்வி உரையில் எழவேயில்லை. ஆறு வருஷம் விசைப்படகிலும், ஐந்து வருஷம் வெளிநாட்டுக் கொடி பறக்கும் வாடகை உல்லாசப் படகிலும் ('சார்ட்டர் யாட்' என்பார்கள்) சமைத்தவன் என்ற முறையில் எனக்கு அது முக்கியமான கேள்வியாகப் படுகிறது. கரையின் ஒழுங்கு கப்பலில் எந்த வழியாக ஏறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் அடுப்படிக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மீனவ கிராமம். இங்கே படகில் சமையல்காரன் என்று ஒருவன் கிடையாது. கட்டுமரக் காலத்திலும் சரி, 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளிலும் சரி, விடியுமுன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புகிற தொழில். தூக்குவாளியில் பழையசோறு, ஒரு துண்டு சுட்ட கருவாடு, அவ்வளவுதான். பணத்தைப் பிரிக்கும்போது படகுக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று பங்கு போகும். முந்தின ராத்திரி சோறு வடித்து நீரூற்றி வைத்தவளுக்குப் பங்கு இல்லை. "வூட்ல ஆக்குற சோத்துக்கு எவன்டா கணக்குப் பாப்பான்?" என்பார்கள். உண்மையில் சமையல்காரர் இல்லாத படகு என்று ஒன்று இல்லை. எங்கள் படகின் சமையல்காரி கரையில் நின்றாள்.

அந்தக் கரைதான் போய்விட்டது. இந்தக் கடற்கரையில் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பியதும் மணல் அவற்றுக்குத் தெற்கே தேங்கிற்று. வடக்கே அரிப்பு தொடங்கிற்று. முதலில் நகரத்துக் குப்பங்கள், பிறகு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, அப்புறம் நாங்கள். ஓர் இடத்தில் கல் கொட்டினால் அதற்கு அடுத்த வடக்கு ஊரைக் கடல் தின்றது. படகு ஏற்ற மணல் இல்லாதவன் என்ன செய்வான்? துறைமுகத்துக்குப் போய் இன்னொருவன் விசைப்படகில் கூலியாக ஏறுவான். பத்து நாள், பதினைந்து நாள் தங்கும் படகு அது. தூக்குவாளிச் சோறு அத்தனை நாள் தாங்காது.

அங்கேதான் சமையல் முதன்முதலாக ஒரு 'வேலை'யாகிறது. ஆனால் எப்படிப்பட்ட வேலை? நான் பார்த்தவரை, வலை இழுக்கத் தெம்பு வராத புதுப் பொடியனுக்குத் தருகிற வேலை. பதினேழு வயதில் நானும் அப்படித்தான் ஏறினேன். 'டேய் குக்கு' என்பதே பெயராயிற்று. கேபினுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம், பானையின் கழுத்தில் கயிறு. பானையில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது, படகு பக்கவாட்டில் உருளும் நேரத்தில் எண்ணெய்ச் சட்டி ஏற்றவே கூடாது. டிரம்மில் இருக்கும் நல்ல தண்ணீர் குடிக்கத்தான். அரிசியை இரண்டு தரம் கடல்நீரில் களைந்து, கடைசித் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீர். உலை கொதிக்கும்போது ஒரு குவளை கடல்நீர் ஊற்றினால் உப்பு சரியாயிருக்கும். இரண்டு குவளை ஊற்றினால் கசக்கும். வஞ்சிரமும் இறாலும் ஐஸ் பெட்டிக்கு, குழம்புக்கு வலையில் நசுங்கிய காரப்பொடியும் சின்னச் சங்கராவும். சமையல்காரன் என்பதால் வலை வேலையிலிருந்து விலக்கு உண்டா என்றால் அதுவும் இல்லை. எல்லோரோடும் நின்று மீன் பிரித்துவிட்டு, அவர்கள் தலைசாய்க்கும் நேரத்தில் இவன் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், அரிசி, மளிகை எல்லாவற்றையும் விற்ற பணத்தில் கழித்துவிட்டு மீதியைத்தான் முதலாளியும் ஆட்களும் பிரிக்கிறார்கள். தின்ற சோற்றின் விலையில் ஒரு பகுதியைத் தின்றவனே கட்டுகிறான். ஆண் சமைத்தாலும் அது 'வூட்டுச் சோறு' போலவே பாவிக்கப்படுகிறது எனலாம். வீட்டில் மனைவி நின்ற இடத்தில் படகில் சின்னப்பையன் நிற்கிறான்.

பழைய கப்பல்களில் இந்தப் பொடியனின் மூதாதை உண்டு. பெயர் பண்டாரி. பண்டகசாலையைக் காப்பவன் என்று பொருள்படும் சொல், லாஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பலாட்களின் மொழியில் சமையல்காரனுக்கு ஆயிற்று. ஆங்கிலேய நீராவிக் கப்பல்களில் சாரங்கு, தண்டல், சுக்காணி, பண்டாரி என்று வரிசை போகும். மேல்தள ஆட்களுக்கு ஒரு பண்டாரி, எஞ்சின் அறை ஆட்களுக்கு இன்னொருவர். மதமும் சாதியும் ஊரும் பானையைப் பிரித்தன. துரைமார் சாப்பாட்டு அறைக்கு மட்டும் கோவாக் கிறித்தவர்கள் சமைத்தார்கள். ரேஷனிலும் ஐரோப்பிய மாலுமிக்கு ஓர் அளவு, லாஸ்கருக்கு வேறு அளவு என்று எழுத்திலேயே இருந்தது. ஃபூக்கோவின் 'வேற்றிட'த்தில் எத்தனை அடுப்பு என்று எண்ணினாலே காலனியத்தின் படம் கிடைத்துவிடும்.

அது பழங்கதை என்று நினைத்துக்கொண்டுதான் யாட்டில் ஏறினேன். ஆள் பன்னிரண்டு பேர். விருந்தாளிகளும் பன்னிரண்டுக்கு மேல் கிடையாது, கூடினால் சட்டப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். கடல்நீரை நன்னீராக்கும் எந்திரம் இருப்பதால் தண்ணீர் பஞ்சமில்லை. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே ஒரு படிவம் வந்துவிடும்: யாருக்கு முந்திரி ஆகாது, யாருக்குக் காலையில் எந்த ரொட்டி, குழந்தைக்கு எந்தப் பால். வாடகைத் தொகையோடு, சாப்பாடு எரிபொருள் துறைமுகச் செலவுக்கென்று வாடகையில் கால் பங்குக்குக் குறையாமல் ஒரு முன்பணமும் கட்டிவிடுவார்கள். விருந்தாளிக்குச் சமைப்பவர் 'செஃப்', ஐரோப்பியர். ஆட்களுக்குச் சமைப்பவன் நான். ஒரே அடுப்படியில் இரண்டு மேடை. மதியம் 12 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஆட்கள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும், அதன்பின் மேடை முழுக்க அவருடையது. அவர் சின்ன டப்பாவிலிருந்து விரலால் கிள்ளிப் போடும் பிரெஞ்சு உப்பைப் பார்க்கும்போதெல்லாம் மரக்காணத்தில் கூலிக்கு உப்பு வாரும் பெண்கள் ஞாபகம் வரும். இரண்டும் வெயிலில் காய்ந்த கடல்தான். அவர் கெட்டவர் இல்லை. என் மீன்குழம்பை ரகசியமாக வாங்கிச் சாப்பிடுவார். கேள்வி ஆளைப் பற்றியது அன்று, மேடையைப் பற்றியது.

சட்டத்துக்கு வருவோம். 2006இல் இயற்றப்பட்டு 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலாளுக்குச் சாப்பாடு இலவசம், சமையல்காரர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே யாரையும் சமையல்காரராக வைக்கக் கூடாது, ஆட்களின் மத, பண்பாட்டு உணவுப் பழக்கங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதிகள். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் முழுத்தகுதி பெற்ற சமையல்காரர் கட்டாயமில்லை என்ற சலுகையும் உண்டு. வாடகைக்கு ஓடும் யாட் இதற்குள் வருகிறது. மீன்பிடிக் கலங்களையும், மரபுவழியில் கட்டிய கலங்களையும் இது வெளியே நிறுத்திவிட்டது. மீன்பிடிக்கு என்று 2007இல் தனி உடன்படிக்கை எழுதினார்கள், 2017இல் அமலானது. அதிலும் உணவு முதலாளி பொறுப்பே, இலவசமே. ஆனால் பங்குமுறை ஒப்பந்தம் அனுமதித்தால் அதன் செலவை நடைமுறைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம். எங்கள் துறைமுகத்துக் கணக்குப்பிள்ளை இதைப் படித்தவரில்லை. ஆனாலும் அவர் நோட்டும் ஜெனீவாவும் ஒத்துப்போகின்றன.

ஒரே கடல், ஒரே சோறு. பணம் கட்டி வந்தவர் தின்றால் அது கலை. மீன் பிடிக்கிறவன் தின்றால் செலவு. பண்டாரி, குக்கு, செஃப் என்ற மூன்று பெயர்களுக்கும் நடுவிலிருக்கும் தூரத்தைக் கைப்பக்குவம் தீர்மானிப்பதில்லை. சாப்பிடுகிறவர் யார், அரிசி எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பவையே தீர்மானிக்கின்றன.

எங்கள் தெருவில் இப்போது இரண்டு பையன்கள் விசைப்படகில் குக்காகப் போகிறார்கள். தடைக்காலத்தில், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, ஊரில் இருப்பார்கள். போன தடைக்காலத்தில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, யாட்டுல சேர இன்னாண்ணே வேணும்?" பாஸ்போர்ட், கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, கொஞ்சம் இங்கிலீஷ், சமையல் படித்த காகிதம் இருந்தால் நல்லது என்றேன். "போட்ல மூணு வருஷமா ஆக்குறன், அத்த எழுதலாமா?" கடலில் எத்தனை வருஷம் என்று என்னிடமும் படிவத்தில் கேட்டிருந்தார்கள். பணிப்புத்தகத்தில் பதிவான வருஷம்தான் செல்லும். விசைப்படகுக்காரன் கையில் அப்படியொரு புத்தகம் இருப்பதில்லை. ஐந்து என்று எழுதியிருக்கிறேன். சமையல் படிப்புக்குப் புதுச்சேரியில் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று அவனுக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.