சினை தாங்கும் தளம்: வண்ணமீன் வளர்ப்பில் ஒரு வீட்டுக் கலை

முன்னுரை

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்குச் 'சினை' என்னும் சொல் புதிதன்று. முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் தொடக்க வகுப்பிலேயே கற்கிறோம். மரத்தின் கிளைக்கும் சினை என்று பெயர். கருவுற்ற பசுவைச் 'சினைப்பசு' என்கிறது ஊர் வழக்கு. மீனின் வயிற்றிலுள்ள முட்டைத் திரளையும் சினை என்றே கூறுகிறோம். கிளை, கரு, முட்டை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கி நிற்பதன் பொருத்தம் நீருக்குள் நோக்குவார்க்குப் புலப்படும். மீன்களுள் பல தம் சினையை நீர்த்தாவரங்களின் சினைமீதே ஒட்டிவைக்கின்றன.

ஏரியிலும் ஆற்றிலும் கொடியும் வேரும் கல்லும் தாமே அமைந்திருக்கின்றன. சிமெண்டுத் தொட்டியிலோ, கண்ணாடித் தொட்டியிலோ அவை இல்லை. ஆகவே, முட்டை தங்குவதற்குரிய இடத்தை மனிதனே ஆக்கித் தரவேண்டியவனாகிறான். அவ்வாறு ஆக்கப்படும் பொருளை இக்கட்டுரையில் 'சினைத்தளம்' என்று குறிப்பிடுவோம். பிரித்த கயிறும் உடைந்த ஓடும் தேங்காய்ச் சிரட்டையுமே பெரும்பாலும் சினைத்தளங்கள். காண்பதற்கு எளியவை, ஆயினும் ஒரு குடும்பத்தின் மாத வருவாய் அவற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது எனின் அது மிகையாகாது.

நம் வட்டாரமும் வண்ணமீனும்

1997-ஆம் ஆண்டு பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்து உருவானது திருவள்ளூர் மாவட்டம். கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகமும் காக்களூர்த் தொழிற்பேட்டையும் இம்மாவட்டத்தின் தொழில் முகங்கள். ஆயின், ஆலைச் சங்கொலிக்கு அப்பால், வீட்டுப் புழக்கடைகளிலும் மொட்டை மாடிகளிலும் ஓசையின்றி நடைபெறும் தொழில் ஒன்றும் உண்டு. அதுவே வண்ணமீன் வளர்ப்பு.

சென்னைக் கொளத்தூர் இத்தொழிலில் இந்திய அளவில் பெயர்பெற்ற ஊராகும். அங்கு வீட்டுத்தொழிலாக வேரூன்றிய இக்கலை, புழல், செங்குன்றம் எனச் சுற்றுப்புறங்களுக்கும் பரவியது. பொன்னேரியில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீன்வளக் கல்லூரி இயங்கிவருகிறது. 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புழக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்கென அலகு ஒன்றுக்கு 3 இலட்சம் ரூபாய் எனச் செலவு வகுக்கப்பட்டது. அதில் பொதுப்பிரிவினர்க்கு 40 விழுக்காடும், மகளிர்க்கும் பட்டியல் இனத்தவர் மற்றும் பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம் என விதிக்கப்பட்டது. தொட்டியும் காற்றுக்குழாயும் பணத்தால் வாங்கக்கூடியவை. முட்டையைக் காக்கும் அறிவோ கையால் பழகிப் பெறவேண்டியது.

தளம் எதற்கு?

இக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, பெரும்பாலான மீன்கள் தம் முட்டையைத் தாமே உண்டுவிடும். முட்டையிட்ட களைப்பிலும் பசியிலும், சற்றுமுன் தான் ஈன்றதையே இரையாகக் கருதும் இயல்பு அவற்றுக்கு உண்டு. தளத்தில் ஒட்டிய முட்டையைத் தளத்தோடு வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் அவை பிழைக்கும். இரண்டாவது, முட்டைக்கும் மூச்சு வேண்டும். தொட்டியின் அடியில் சேற்றிலும் கழிவிலும் விழுந்த முட்டை உயிர்வளியின்றி அழியும். இழையில் தொங்கும் முட்டையைச் சுற்றி நீர் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, கருவுறாத முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அப்பூஞ்சை அருகிலுள்ள நல்ல முட்டைக்கும் தாவும். முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரந்து ஒட்டியிருப்பின் அத்தீங்கு குறையும்.

மீனுக்கேற்ற தளம்

எல்லா மீனுக்கும் ஒரே தளம் ஒவ்வாது. மீனின் இயல்பறிந்து தளம் அமைப்பதே இக்கலையின் உயிர்நாடி.

'கோல்டு ஃபிஷ்' எனப் பலரும் வழங்கும் பொன்மீன், சீன நாட்டில் சோங் அரச மரபினர் காலத்திலேயே அழகுக்காக வளர்க்கப்பெற்றது. விடியற்காலையில் ஆண்மீன்கள் பெண்மீனைத் துரத்த, அது செடிகளின் ஊடே பாய்ந்து பசைத்தன்மையுள்ள முட்டைகளைச் சிதறும். இதற்கு மென்மையான இழைகளாலான தளம் வேண்டும். 'கோய்' கெண்டைக்கும் அதுவே பொருந்தும். முன்பெல்லாம் வேலம்பாசியையும் ஆகாயத்தாமரை வேரையும் இட்டனர். இன்றும் இடுவோர் உளர். அவற்றோடு நத்தை முட்டைகளும், குஞ்சுகளைத் தின்னும் தட்டான் இளவுயிரிகளும் தொட்டிக்குள் நுழைந்துவிடுவது பெருந்தொல்லை. இத்தொல்லையற்றது பிரித்த நெகிழிக் கயிறு. சாவகத் தீவினர் பனையினத்து மரமொன்றின் கருநாரை மூங்கிற் பட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டி, 'காகாபான்' என்னும் பெயரில் கெண்டை மீனுக்குச் சினைத்தளம் அமைப்பர். நாடு வேறாயினும் மீனின் தேவையும் மனிதனின் கைத்திறனும் ஒன்றே.

வரிமீனாகிய 'ஜீப்ரா டேனியோ' நம் கங்கைச் சமவெளிப் பகுதிகளுக்கு உரியது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவரால் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. இதன் முட்டை ஒட்டாது. நேரே அடியில் விழும். விழுந்தவற்றைத் தாய்மீனே தேடித் தின்னும். எனவே, தொட்டியின் அடியில் சிறுவர் ஆடும் கோலிக்குண்டுகளை இரண்டடுக்காகப் பரப்பி, நீரைச் சில அங்குல உயரமே நிறுத்துவர். முட்டை குண்டுகளின் இடுக்கில் புகும். மீனின் வாய் அங்கே புகாது. கோலிக்குண்டுக்கு மாற்றாகச் சன்னமான நெகிழி வலையையும் விரிக்கலாம்.

நம் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியில் வாழும் மீன்களுள், மலையாள நாட்டார் 'கரிமீன்' என்று போற்றும் மீனும் ஒன்று. அது நீருள் மூழ்கிய கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டிவைத்துத் தாயும் தந்தையுமாகக் காவல் புரியும். அமேசான் ஆற்றிலிருந்து வந்த 'ஏஞ்சல்' மீன் இக்கரிமீனுக்கு உறவுமுறையே. இரண்டும் 'சிச்லிட்' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, ஏஞ்சலும் இழையை நாடாது. சாய்வான, வழவழப்பான பரப்பையே நாடும். பி.வி.சி. குழாய்த் துண்டு, தரை ஓட்டுத் துண்டு, மரச்சட்டம் நீக்கிய பழைய கல் சிலேட்டு ஆகியவற்றைத் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தால், இணைசேர்ந்த மீன்கள் முதலில் அதனை வாயால் தூய்மை செய்து, பின்னர் வரிசை வரிசையாகச் சில நூறு முட்டைகளை ஒட்டும். சிலேட்டை அப்படியே தூக்கி, அதே நீர் நிரப்பிய சிறு தொட்டியில் வைத்து, மெல்லிய காற்றோட்டம் தந்து, மெத்திலீன் நீலம் சில துளிகள் விடுவது வழக்கம். அக்குடும்பத்தையே சார்ந்த 'டிஸ்கஸ்' மீனில் இம்முறை எளிதன்று. அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் கோழையை உண்டே தொடக்க நாள்களில் வளர்கின்றன. எனவே, அதற்கு மண்கூம்பு ஒன்றைத் தளமாக வைத்து, குஞ்சுகளைப் பெற்றோரிடமே விட்டுவிடுவர்.

சண்டைமீனாகிய 'ஃபைட்டர்' மீனின் தளம் நீரின் மேற்பரப்பிலேயே அமைகிறது. ஆண்மீன் காற்றுக்குமிழிகளால் நுரைக்கூடு கட்டி, விழும் முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் பொருத்தும். ஒரு வாதுமை இலையோ, நெடுக்கில் பிளந்த தெர்மாகோல் குவளையோ மிதந்தால் கூடு கலையாமல் நிற்கும். முட்டையிட்டு முடித்ததும் பெண்மீனை அகற்றிவிட வேண்டும்; காவல் முழுவதும் தந்தையின் பொறுப்பு. கப்பி, மோலி ஆகியன குட்டியீனுவன. அவற்றுக்குச் சினைத்தளம் வேண்டா. ஆயினும் பிறந்த குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அதே இழைக்கொத்து உதவும்.

இழைத்தளம் செய்யும் முறை

கண்ணாடித் தொட்டிக்குரிய சிறு தளத்துக்கு வெண்ணிறச் செயற்கைக் கம்பளி நூல் ஏற்றது. பருத்தி நூல் நீரில் அழுகும், அதனை விலக்குக. சுமார் 25 செ.மீ. உயரமுள்ள குறிப்பேட்டின்மீது நூலை மேலிருந்து கீழாக ஐம்பது சுற்றுச் சுற்றுக. ஒரு முனையில் சுற்றுகளையெல்லாம் சேர்த்து இறுகக் கட்டி, மறுமுனையைக் கத்தரித்தால் குஞ்சம்போல் விரியும். கட்டிய முனையில் தெர்மாகோல் துண்டொன்றைப் பிணைத்தால் நீர்மேல் மிதந்து தொங்கும். கூழாங்கல்லைப் பிணைத்தால் அடியில் நிற்கும்.

சிமெண்டுத் தொட்டிக்கு நெகிழிக் கயிறே மலிவு. ஒரு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, புரிகளைப் பிரித்து, சீப்பால் வாரிப் பஞ்சுபோலாக்கி, பல கொத்துகளை ஒரு குழாயில் வரிசையாகக் கட்டவேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பாலிபுரொப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும். நைலான் கயிறு அமிழும். கடையில் எப்பெயர் சொல்லி விற்றாலும், ஒரு துண்டை நீரிலிட்டால் உண்மை விளங்கிவிடும். மிதப்பதற்குக் கல் கட்டுக. அமிழ்வதற்கு மிதவை கட்டுக.

தொழிற்பேட்டைக் கழிவு: உதவியும் நஞ்சும்

ஆலைகள் மிகுந்த வட்டாரத்தில் பழைய கயிறும் குழாய்த் துண்டும் பீப்பாயும் பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சிறு முதலீட்டாளர்க்கு இது வரமே. ஆயின் கண்மூடி வாங்கினால் சாபமும் அதுவே.

இவ்விடத்தில் என் பட்டறிவு ஒன்றைக் கூறுவது பொருந்தும். பொன்மீன் வளர்க்க முனைந்த முதல் ஆண்டில், பழம்பொருள் கடையொன்றில் எடைக்கு வாங்கிய பச்சைக் கயிற்றைப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, தொட்டியில் இட்டேன். மறுநாள் காலையில் இழையெங்கும் முட்டைகள், கண்டு மகிழ்ந்தேன். இரண்டாம் நாள் அவை யாவும் சோற்றுப் பருக்கைபோல் வெளுத்துப்போயின. பல்லாண்டுகளாக மீன் வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அண்டைவீட்டு அம்மையார் வந்து பார்த்துவிட்டு, "சார், கயித்த மோந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். முகர்ந்து பார்த்தேன், எந்திர எண்ணெயின் வாடை. நான் படித்திருந்த நூல்கள் எவையும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

அன்றுமுதல் நான் கைக்கொண்டுவரும் நெறிகள் இவை: எண்ணெயோ வேதிப்பொருளோ பட்ட கயிற்றைத் தொடாதே. சாயம் போகும் நூலை விலக்கு. செம்பும், துத்தநாகம் பூசிய இரும்பும் மீனுக்கு நஞ்சாதலால், கட்டுக்கம்பியாகக்கூட அவற்றைப் பயன்படுத்தாதே. என்ன இருந்தது என்று அறியப்படாத பீப்பாயைத் தொட்டியாக்காதே. கழுவினாலும் அதன் சுவரில் ஊறியது வெளிவரும். புதுக்கயிற்றையும் வெந்நீரில் அலசி, மூன்று நாள் நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே பயன்படுத்து. தேங்காய் நாரெனின், நிறம் இறங்குமளவும் வேகவைத்து நீரை மாற்று. புதிய சிமெண்டுத் தொட்டியின் சுண்ணக்காரம் நீங்க, வாழைத்தண்டுத் துண்டுகளை நீரில் ஊறவைத்துப் பலமுறை நீர் மாற்றுவது நம் ஊர்களில் கையாளப்படும் நல்ல வழி.

முட்டைக்குப் பின்

நம் பகுதி வெப்பத்தில் பொன்மீன் முட்டை இரண்டு மூன்று நாள்களில் பொரியும். முதலிரு நாள்களில் குஞ்சுக்கு அதன் வயிற்றுக் கருவே உணவு. நீந்தத் தொடங்கிய பின்னரே இரை இடவேண்டும். வாழைப்பழத் தோலை நீரில் ஊறவைத்து வளர்த்த நுண்ணுயிர்களையும், துணியில் வடித்த அவித்த மஞ்சட்கருவையும் அளவோடு தரலாம். மிகுந்த உணவு நீரைக் கெடுக்கும்.

நீரின் தன்மையும் கருதத்தக்கது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட செய்தி. இத்தகைய கடின நீரில் மோலியும் கப்பியும் செழிக்கும். டெட்ராவும் டிஸ்கஸும் முட்டையிடத் தயங்கும். வடகிழக்குப் பருவமழை நீரைச் சேமித்து வைப்போர்க்கு அக்குறையும் நீங்கும்.

பிறிதொரு கடமையும் உண்டு. பயன்படுத்திய பாசியையும் இழைத்தளத்தையும் ஏரியிலோ கால்வாயிலோ எறிதல் கூடாது. ஒட்டிய சில முட்டைகளே அயல்நாட்டு மீனை நம் நீர்நிலையில் குடியேற்றப் போதுமானவை. பழையனவற்றை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

முடிவுரை

இக்கலையில் தேர்ந்தோர் பலர் கல்லூரி வாயிலை மிதியாதவர்கள். அவர்தம் அறிவு நூலில் ஏறவில்லை; கையில் இருக்கிறது. கை ஓய்ந்தால் அறிவும் ஓயும். இரவுநேர வேலைக்குச் செல்லும் தந்தைக்கும், புழக்கடையில் தொட்டி காக்கும் தாய்க்கும் பிறந்த மாணவர்கள் நம் வகுப்புகளிலும் அமர்ந்திருக்கலாம். அவர்கள் தம் இல்லத்துத் தொழிலை நாணி மறைக்காமல், அதன் சொற்களையும் நுட்பங்களையும் நல்ல தமிழில் எழுதிவைப்பார்களாயின், அது தமிழ்த்துறைக்குப் பெருமை, தொழிலுக்கும் பாதுகாப்பு. சமுதாயப் பெரியோர் இத்தகைய இளைஞர்க்கு ஒரு தொட்டி அமைக்கும் அளவு கைகொடுத்தாலும் அது நெடுநாள் பயன்தரும் உதவியாகும்.

சினையைத் தாங்க ஒரு கிளை வேண்டும். அக்கிளையைக் கயிற்றாலும் செய்யலாம். ஆயின் முதலில் அதனை முகர்ந்து பார்த்துவிடுதல் நன்று.